காயம் இல்லாமல் வந்தவள்

அவசரப் பிரிவின் முதல் மேசையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கும் நர்ஸுக்கு ஆஸ்பத்திரி முழுக்கத் தராசு அக்கா என்றுதான் பெயர். வாசலில் நுழைகிறவரை ஒரே ஒரு பார்வை பார்ப்பாள். சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று முடிவு செய்து மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டையைக் கட்டிவிடுவாள். சிவப்பென்றால் உள்ளே தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். மஞ்சள் கொஞ்சம் பொறுக்கலாம். பச்சை கட்டியவர் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருக்கும் கைகழுவும் முறையை மனப்பாடம் ஆகும்வரை படித்துக்கொண்டிருக்கலாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூரை அதிர அலறியவனுக்குப் பச்சை கட்டியிருக்கிறாள், அது வெறும் வாயுதான். 'ஒண்ணுமில்லம்மா, லேசா தலைசுத்தல்' என்று சிரித்துக்கொண்டே வந்த பெரியவருக்குச் சிவப்பு கட்டி உயிரைக் காப்பாற்றியிருக்கிறாள். அவளுக்குத் தலைக்கனம் என்று சிலர் சொன்னார்கள். பத்தொன்பது வருடம் தப்பாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்களுக்கும் வரும்.

அந்த மேசையிலிருந்து பார்த்தால் மனித இனம் அப்படியொன்றும் மரியாதைக்குரியதாகத் தெரியாது. குடித்துவிட்டுப் படியில் உருண்டவன் படியைத் திட்டுவான். மருமகளோடு சண்டை போட்ட மாமியார் மயங்கி விழுவாள், ஆனால் விழுவதற்கு முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் விழுவாள். போனில் படித்துவிட்டு வந்து தன் வியாதிக்குத் தானே தீர்ப்பு எழுதுகிறவர்கள் தனி ரகம். தராசு அக்கா எல்லோரையும் சமமாக நடத்தினாள், அதாவது ஒருவரையும் மதிக்கவில்லை. ஆனால் அவளுடைய இளக்காரத்தின் உச்சாணிக் கொம்பில் இருந்தவர்கள் வேறு ஆட்கள். தன் கையைத் தானே கிழித்துக்கொண்டு வருகிறவர்கள்.

அவர்களிலும் ஒருத்திக்கு முதல் மரியாதை. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற பெண், வயது இருபத்தாறு. மூன்று வருடத்தில் பதினான்கு முறை வந்திருந்தாள். அவளுக்கு 'சீசன் டிக்கெட்' என்று பெயர் வைத்தது தராசு அக்காதான், அந்தப் பெயர் ஒரே நாளில் பரவியது. ஒரு தடவை வந்தபோது, "இந்த ஆஸ்பத்திரியிலேயே நீங்க ஒருத்திதான்க்கா மனுஷி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதே வாரம் இன்னொரு தடவை, தண்ணீர் கொண்டுவர ஐந்து நிமிடம் தாமதமானதற்கு டம்ளரைச் சுவரில் எறிந்து, "உங்கள மாதிரி ராட்சசிய நான் பாத்ததே இல்ல" என்றாள். மனுஷியாக இருந்ததற்கும் ராட்சசியாக ஆனதற்கும் நடுவில் தான் என்ன செய்தோம் என்று தராசு அக்காவுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள அவள் மெனக்கெடவும் இல்லை.

"பதினஞ்சாவது தடவைக்கு ஒரு தையல் ஃப்ரீ" என்பான் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர். தையலுக்கு முன் போடுகிற மரத்துப்போகும் ஊசியைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் அடுத்த தடவை யோசிப்பாள் என்று ஒரு பயிற்சி டாக்டர் சொன்னான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. அன்றைக்கு அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு, "பாரு, வலிக்கவே இல்ல இவளுக்கு" என்று அதற்கும் ஒரு குற்றம் கண்டுபிடித்தார்கள். படித்தவர்களின் இரக்கம் இந்த லட்சணத்தில் இருந்தது.

அந்தப் பெண்ணின் அம்மா வந்தால் மட்டும் தராசு அக்காவுக்குப் பேச ஆள் கிடைத்தமாதிரி இருக்கும். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்கிறவள். புடவைக் கொசுவம் கலையாமல், மகளின் ரத்தம் தன்மேல் படாத தூரத்தில் நிற்பாள்.

"எல்லாம் நடிப்பு சிஸ்டர். மூணு வயசுலயே இப்படித்தான். அவங்க அண்ணன் சாப்பிட்ட தட்டை நான் முதல்ல கழுவினேன்னு ஒரு மணி நேரம் அழுவா. நடிக்காதேடின்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப்போச்சு."

"இந்த மாதிரி கேஸ்லாம் நம்ம ரெண்டு பேரையே மோத விட்டுடும்மா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லும், என்கிட்ட ஒண்ணு சொல்லும். நம்பிடாதீங்க" என்றாள் தராசு அக்கா.

அம்மா அந்த வாக்கியத்தைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு போனாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மனநலப் பிரிவுக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்து சேர்ந்தாள். குரலை உயர்த்தாமல் பேசுவாள், எதைச் சொன்னாலும் முதலில் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். இரண்டாம் நாளே அவளுக்குப் பஞ்சு டாக்டர் என்று பெயர் விழுந்துவிட்டது. வந்த மாதமே அவசரப் பிரிவு ஆட்களையெல்லாம் கூட்டி ஒரு வகுப்பு எடுக்கவேண்டும் என்று கண்காணிப்பாளரிடம் அனுமதி வாங்கினாள். கண்காணிப்பாளர் பெரிய டாக்டர், நோயாளியைத் தொட்டுப் பல வருடம் ஆகியிருக்கும். கோப்பில் கையெழுத்துப் போடுவதும் அதிலிருந்து தப்பிப்பதும்தான் அவருடைய மருத்துவம். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர்னு சொல்வோம். தமிழ்ல எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறுன்னு எழுதறாங்க" என்று ஆரம்பித்தாள் பஞ்சு டாக்டர். "பேரை விடுங்க. நடக்கறது என்னன்னு சொல்றேன். யாராவது நம்மகிட்ட முகத்தைத் திருப்பிக்கிட்டா நமக்கு வருத்தமா இருக்கும். கொஞ்ச நேரம் முணுமுணுத்துட்டு வேற வேலையப் பாப்போம். இவங்களுக்கு அதே விஷயம் வீட்டை விட்டே துரத்திட்ட மாதிரி இருக்கும். சட்டுன்னு ஏறும், சீக்கிரத்துல எறங்காது. நேத்து தெய்வமாத் தெரிஞ்ச ஆள் இன்னிக்கு எதிரியாத் தெரியறதும் அதனாலதான். அந்தக் கொதிப்புல கையக் கிழிச்சுக்கிட்டா ஒரு நிமிஷம் நிம்மதியா இருக்கு. அதுக்கு நாமளும் ஒத்தாசை பண்றோம்."

"நாங்களா?" தராசு அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பிளேடு வாங்கிக் குடுத்தோமா?"

"இல்ல சிஸ்டர். அவங்க அழுதுக்கிட்டு வந்தா நாம எழுந்திரிக்க மாட்டோம். ரத்தத்தோட வந்தா நாலு பேர் ஓடறோம். எது வேலை செய்யுதுன்னு அவங்களுக்குக் கத்துக் குடுத்ததே நாமதான்."

டிரஸ்ஸர் கொட்டாவி விட்டான். யாரோ, குணமாகுமா என்று கேட்டார்கள்.

"ஆகும். நிறையப் பேருக்கு ஆகுது, நாம நினைக்கறதைவிட அதிகமா. மாத்திரை இதுக்குப் பெருசா ஒண்ணும் பண்ணாது. பழக்கம்தான் மருந்து. கொதிப்பு வர்றப்போ என்ன பண்ணணும்னு ஒண்ணொண்ணாப் பழகணும். இங்க அடிக்கடி வர்ற அந்தப் பொண்ணு இப்ப வாரம் ரெண்டு தடவை என்கிட்ட வரா. இப்ப அடுத்த படி, காயம் பண்ணிக்கறதுக்கு முன்னாடியே வந்து கேக்கறது."

அதற்காக ஒரு வெள்ளை அட்டை தயார் செய்திருந்தாள். சீசன் டிக்கெட்டின் பெயர், படம், கீழே மூன்று வரி: ஒரு நாற்காலி, இருபது நிமிடம், மனநல டாக்டருக்கு ஒரு போன். மனநலப் பிரிவு பின்கட்டில் இருந்தது, மதியம் இரண்டு மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன் வந்தால் முதல் மேசைதான் வாசல். காயத்தோடு வந்தால் மரியாதையாகத் தையல் போடவேண்டும், திட்டவும் கூடாது, கொஞ்சவும் கூடாது. காயமில்லாமல் வந்தால் ஒருவர் பக்கத்தில் உட்காரவேண்டும்.

"நல்லா இருக்கே நியாயம்" என்றாள் தராசு அக்கா. "ரத்தம் சொட்டச் சொட்ட வந்தா வாயை மூடிக்கிட்டுத் தைக்கணும். ஒண்ணுமே இல்லாம வந்தா நாற்காலி போட்டு உபசாரம் பண்ணணும். இனிமே பசி எடுக்கறதுக்கு முன்னாடியே ஏப்பம் விடச் சொல்வாங்க."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. பஞ்சு டாக்டரும் சிரித்துவிட்டு, "ஆமா, அதேதான்" என்றாள். அது தராசு அக்காவுக்கு என்னவோ போலிருந்தது.

கண்காணிப்பாளர் போனிலிருந்து தலையைத் தூக்கித் தீர்ப்பு சொன்னார். "மூணு மாசம் பரீட்சை பண்ணிப் பாப்போம். அதுக்குள்ள ஒரே ஒரு தடவை கையக் கிழிச்சுக்கிட்டு வந்தாலும் அட்டை ரத்து. அதுக்கப்புறம் இந்தப் பொண்ண ஊருக்கு வெளிய இருக்கற பெரிய மனநல ஆஸ்பத்திரிக்கு மாத்திடணும். நம்ம தலைவலி அதோட ஒழியும்."

பெரிய ஆஸ்பத்திரியில் பூட்டிய வார்டும் தூக்க மாத்திரையும்தான் சிகிச்சை என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே போனால் கண்ணாடிக் கடை வேலையும் போய்விடும், பஞ்சு டாக்டரிடம் பழகிய பழக்கமும் போய்விடும்.

"மூணு வாரம் தாண்டட்டும், நான் என் பேரை மாத்திக்கறேன்" என்றாள் தராசு அக்கா, வெளியே வந்ததும்.

மூன்று வாரம் தாண்டியது. ஐந்தும் தாண்டியது. சீசன் டிக்கெட் காயத்தோடும் வரவில்லை, அட்டையோடும் வரவில்லை. வாரம் இரண்டு தடவை மதியம் பின்கட்டுக்குப் போகும்போது முதல் மேசையைத் தாண்டித்தான் போவாள். போகிறபோது ஒரு சின்ன வணக்கம்கூட வைப்பாள். "என்னக்கா, புதுப் பேரு தேடியாச்சா?" என்று டிரஸ்ஸர் சீண்டத் தொடங்கினான். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான்: ஒரு பெண் தன் கையைக் கிழித்துக்கொள்ளாமல் இருக்கிறாளே என்று தராசு அக்காவுக்கு எரிச்சலாக இருந்தது. இதைவிடக் கேவலமான எரிச்சல் ஒரு நர்ஸுக்கு வரமுடியுமா என்று தெரியவில்லை, ஆனால் வந்தது. அவள் அதற்குத் தொழில் அனுபவம் என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, காலை பத்தே முக்கால். திங்கட்கிழமைகளில் அவசரப் பிரிவு சந்தைக்கடைதான். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பொறுத்துக்கொண்டிருந்த வியாதியெல்லாம் அன்றைக்குத்தான் கிளம்பி வரும். வரிசையில் பதினேழு பேர். பதினெட்டாவதாக அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கடையின் சாம்பல் நிறச் சட்டை, மார்பில் கடை பேட்ஜ், இரண்டு கைகளும் இறுக மூடியிருந்தன. முன்னெல்லாம் அவள் வரிசையில் நின்றதே கிடையாது. ரத்தத்துக்கு வரிசை கிடையாது அல்லவா.

தராசு அக்காவின் முகம் மலர்ந்தது. டிரஸ்ஸரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள், வந்துட்டா பாத்தியா என்பதுபோல.

நாற்பது நிமிடம் கழித்து அந்தப் பெண்ணின் முறை வந்தது. மேசைமேல் அட்டையை வைத்தாள். அது வியர்வையில் நனைந்து முனை மடங்கியிருந்தது.

"எனக்கு..." என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அக்கா, எனக்குக் காயம்..."

"எங்க காயம்? காட்டு."

அந்தப் பெண் கைகளைத் திருப்பிக் காட்டினாள். பழைய தழும்புகள் வரிவரியாக இருந்தன. புதிதாக ஒரு கீறல்கூட இல்லை. "இல்லக்கா. இன்னும்..."

"இன்னும் இல்லையா?" தராசு அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். நல்ல வாக்கியம் ஒன்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டால் அதை விழுங்குகிற பழக்கம் அவளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. "அப்ப இருக்கும்போது வா. இங்க அட்வான்ஸ் புக்கிங்லாம் எடுக்கறதில்ல."

டிரஸ்ஸர் வாய்விட்டுச் சிரித்தான். பயிற்சி டாக்டர் சிரித்தான். பச்சைப் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பல்வலிக்காரர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். இத்தனை பேரைச் சிரிக்கவைத்த திருப்தியில் தராசு அக்காவும் சிரித்தாள்.

அந்தப் பெண் அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். "சரிக்கா" என்றாள். கத்தவில்லை, எதையும் எறியவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தாள். கண்ணாடிக் கதவை இழுப்பதற்குப் பதிலாகத் தள்ளிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு இழுத்துத் திறந்து வெளியே போனாள்.

பதிவேட்டில் 'என்ன உபாதை' என்று ஒரு கட்டம் உண்டு. உபாதை இல்லாதவருக்கு வரி எழுதுவதில்லை என்பது அந்த மேசையின் வழக்கம். வழி கேட்க வருகிறவர்களையும் கழிவறை தேடி வருகிறவர்களையும் எழுத ஆரம்பித்தால் நோட்டு தாங்காது. தராசு அக்கா அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

பன்னிரண்டு மணி தாண்டியதும் வாசல் காவலாளி, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். அவர் தோளில் சாய்ந்து அவள் வந்தாள். இடது கையில் ஒரு துண்டு சுற்றியிருந்தது, துண்டின் நிறம் இன்னதென்று சொல்லமுடியவில்லை. நாலு பேர் எழுந்து ஓடினார்கள். தராசு அக்கா சிவப்புப் பட்டையை எடுத்து அவளுடைய வலது மணிக்கட்டில் கட்டினாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக முடிச்சு விழவில்லை, இரண்டாவது தடவை போடவேண்டியிருந்தது.

"இப்ப இருக்குக்கா" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை. ஆபீஸில் கேட்ட காகிதத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறவள் குரல் அது.

இந்தத் தடவை டிரஸ்ஸரால் ஒன்றும் முடியவில்லை. இரண்டு விரல்களின் தசைநாண் அறுந்திருந்தது. கை அறுவை டாக்டர் வந்து மூன்று மணி நேரம் தைத்தார். விரல்கள் மடங்கலாம், மடங்காமலும் போகலாம், ஆறு வாரம் கழித்துத்தான் தெரியும் என்றார். லென்ஸ் பிடிக்கிற கை அது.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் தராசு அக்கா தன் தரப்பு வாதங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தாள். வரிசையில் பதினேழு பேர் இருந்தார்கள். காயம் இல்லாதவளை நான் எப்படிக் காயம் உள்ளவளுக்கு முன்னால் பார்ப்பது? நான் சொன்னது ஒரு வார்த்தை, அவள் செய்தது அவள் கை. எல்லாம் நல்ல வாதங்கள்தான். ஆனால் அவள் முன்னால் பார்க்கச் சொல்லவே இல்லையே, நாற்பது நிமிடம் வரிசையில் நின்றுதானே வந்தாள் என்று அவளுக்குள்ளேயே இருந்த தராசு சொன்னது. இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப்போய் அவள் திரும்பி நடந்து வந்தாள்.

மறுநாள் காலை கண்காணிப்பாளர் அறையில் கூடினார்கள். அவர், பஞ்சு டாக்டர், அந்தப் பெண்ணின் அம்மா, தராசு அக்கா. கண்காணிப்பாளர் முன்னால் இடமாற்ற உத்தரவு தட்டச்சு செய்து தயாராக இருந்தது. பேனா மூடியைக் கழற்றியும் வைத்துவிட்டார். நல்ல காரியத்தில் அவர் தாமதிப்பதில்லை.

"மூணு மாசம் சொன்னேன். ஒன்பது நாள் பாக்கி இருக்கறப்போ பண்ணிட்டா. அட்டை குடுத்தும் பிரயோஜனம் இல்ல. விஷயம் முடிஞ்சுது."

"முடியல சார்" என்றாள் பஞ்சு டாக்டர். முதல் தடவையாக அவள் குரலில் பஞ்சு இல்லை. "அவ முதல்ல காயம் இல்லாம வந்திருக்கா. அட்டையக் காட்டியிருக்கா. திருப்பி அனுப்பிட்டாங்கன்னு சொல்றா. அப்படின்னா சிகிச்சை தோக்கல சார். அவ செய்யவேண்டியத அவ செஞ்சிருக்கா."

கண்காணிப்பாளர் பதிவேட்டைப் புரட்டினார். திங்கட்கிழமைப் பக்கத்தில் விரலை ஓட்டினார். "பன்னெண்டு பத்துக்கு ஒரு வரி இருக்கு. அதுக்கு முன்னாடி இவ பேரே இல்லையே."

"பொய் சார்" என்றாள் அம்மா. மகளுக்கு எதிராகச் சாட்சி சொல்வதில் அவளுக்கு ஒரு தேர்ச்சி இருந்தது. "இவ இப்படித்தான். ரெண்டு பேரை மோத விட்டுடுவா. உங்ககிட்ட ஒண்ணு சொல்வா, சிஸ்டர்கிட்ட ஒண்ணு சொல்வா. நம்பிடாதீங்க. சிஸ்டரே எனக்குச் சொல்லியிருக்காங்க."

தன் வாக்கியம் இன்னொருத்தி வாயிலிருந்து, எழுத்து மாறாமல் வெளியே வந்து நின்றதைத் தராசு அக்கா பார்த்தாள். அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று சொல்லும்போது தெரியவில்லை, கேட்கும்போது தெரிந்தது.

கண்காணிப்பாளர் அவள் பக்கம் திரும்பினார். பெரிய மனதோடு ஒரு கதவைத் திறந்தும் விட்டார். "சிஸ்டர், நேத்து கூட்டம் ஜாஸ்தி. வந்திருந்தாலும் நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. அப்படித்தானே?"

அப்படித்தான் என்று ஒரு தலையசைப்புப் போதும். டிரஸ்ஸர் வாயைத் திறக்கமாட்டான், அவனும் சிரித்தவன். பயிற்சி டாக்டருக்கு அடுத்த மாதம் சான்றிதழ் வேண்டும். பல்வலிக்காரரை எங்கே போய்த் தேடுவது? பதிவேடு அவள் பக்கம். பெற்ற தாயே அவள் பக்கம். அந்தப் பெண் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. பெரிய ஆஸ்பத்திரி வண்டி மதியம் வந்துவிடும், அதோடு இந்த விஷயம் கண்ணிலிருந்தும் போய்விடும். அவள் நன்றாக யோசித்தாள், அதை மறைத்து அவளுக்கு நல்ல பேர் வாங்கித்தர எனக்கு விருப்பமில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடியது.

"வந்தா சார்" என்றாள்.

"என்ன?"

"பத்தே முக்காலுக்கு வந்தா. வரிசையில நின்னா. அட்டையக் காட்டினா. நான் அட்டையப் படிச்சேன். கூட்டத்துல கவனிக்கலன்னு எழுதிடாதீங்க, நல்லாக் கவனிச்சேன். காயம் இருக்கும்போது வான்னு சொன்னேன்."

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?" பஞ்சு டாக்டர்தான் கேட்டாள்.

"நல்ல ஜோக்கா இருந்துச்சு" என்றாள் தராசு அக்கா. "எல்லாரும் சிரிச்சாங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பத்தொன்பது வருடத்தில் யாரும் பார்த்திராத அழுகை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்காணிப்பாளர் பதறிப்போய்ப் பேனாவைக் கீழே போட்டுவிட்டு, தன் பக்கத்து நாற்காலியையே இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். சத்தம் கேட்டு அலுவலக ஆட்கள் தண்ணீரோடு ஓடிவந்தார்கள். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்கள். "மனசுல வெச்சுக்காதீங்க சிஸ்டர், வேலை டென்ஷன்" என்று ஒருவர் மாற்றி ஒருவர் முதுகைத் தடவினார்கள். காலாண்டுக் கூட்டத்தைக் கண்காணிப்பாளர் அரைமணி நேரம் தள்ளிவைத்தார். உனக்கு எங்கே காயம், காட்டு என்று யாரும் கேட்கவில்லை. அதை அவள் கவனித்தாள். கவனித்ததும் அழுகை நின்றுபோயிற்று, அழுவதற்கே கூச்சமாக இருந்தது.

இடமாற்ற உத்தரவைக் கண்காணிப்பாளர் நாலாக மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். கிழிக்கவில்லை, அவர் எதையும் கிழிக்கிற ஆள் இல்லை. தராசு அக்காவுக்கு ஒரு மெமோ கொடுக்கப்போவதாகச் சொன்னார். கொடுங்க என்றாள். அம்மாவைப் பார்த்து, "நான் அன்னிக்கு உங்களுக்குச் சொன்னது தப்பு. உங்க பொண்ணு பொய் சொல்லல" என்றாள். அம்மா, "நீங்களுமா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மகளைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

பஞ்சு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தராசு அக்கா வார்டுக்குப் போனாள். கோடியில் ஜன்னலோரக் கட்டில். அந்தப் பெண்ணின் இடது கை முழங்கைவரை மாவுக்கட்டில் இருந்தது, ஒரு தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். மன்னிப்புக் கேட்பது எப்படி என்று தராசு அக்காவுக்குத் தெரியாது, அதற்கான சந்தர்ப்பம் தனக்கு வராது என்றே வாழ்ந்துவிட்டவள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தப்பு என்மேலதாம்மா. சொல்லிட்டேன் அவங்ககிட்ட. அட்டை ரத்து இல்ல. உன்னை எங்கயும் அனுப்ப மாட்டாங்க."

"சரி" என்றாள் அந்தப் பெண். மனுஷி என்றும் சொல்லவில்லை, ராட்சசி என்றும் சொல்லவில்லை. எதையாவது எறிந்திருந்தால் தராசு அக்காவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"என்ன ஆச்சு நேத்து?"

"கூட வேலை செய்யறவ வேற கிளைக்கு மாத்தல் கேட்டிருக்காளாம். என்கிட்ட சொல்லல. நோட்டீஸ் போர்டுல பாத்தேன்."

இதுக்கா என்ற வார்த்தை தராசு அக்காவின் தொண்டைவரை வந்தது. இந்தத் தடவை விழுங்கினாள்.

"நான் இருக்கற நேரமாப் பாத்து வந்தியே. சாயங்கால சிஸ்டர் நல்லவங்களாச்சே."

அந்தப் பெண் அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இளக்காரம் இருந்தது. தராசு அக்காவுக்கு அது நன்றாகப் பழக்கமான சரக்கு, ஆனால் இதுவரை கொடுத்துத்தான் பழக்கம். "யார் இருக்காங்கன்னு பாத்து வர்ற நிலைமையாக்கா அது? வீடு பத்திக்கிட்டா எந்தப் பக்கத்து வீட்டுக்காரங்க நல்லவங்கன்னு யோசிச்சுக்கிட்டா நிப்பீங்க?"

தராசு அக்கா கட்டில் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"டாக்டர் சொல்லியிருந்தாங்க, அட்டைய மட்டும் நீட்டக் கூடாது, வாயாலயும் சொல்லணும்னு. ஒரே ஒரு வரிதான். எனக்கு அது வாயில வரவே வரல. இருபத்தாறு வருஷத்துல யார்கிட்டயும் சொன்னதில்லையே. ஒரு மாசம் பழகினேன். கடையில ஆளுயரக் கண்ணாடி இருக்கு, கஸ்டமர் ஃப்ரேம் போட்டுப் பாக்கறதுக்கு. காலையில கடை திறந்ததும் அது முன்னாடி நின்னு சொல்லிச் சொல்லிப் பாப்பேன். நேத்து வரிசையில நாப்பது நிமிஷம் அதையேதான் சொல்லிக்கிட்டு வந்தேன். உங்ககிட்ட வந்து ஆரம்பிச்சேன், பாதியிலயே நீங்க எங்க காயம்னு கேட்டுட்டீங்க."

தராசு அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "இப்பச் சொல்லும்மா. குறுக்க பேச மாட்டேன். முழுசாக் கேக்கறேன்."

அந்தப் பெண் தலையணைமேல் இருந்த கட்டைப் பார்த்தாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு விரல்களை அசைக்க முயன்றாள். அவை அசையவில்லை.

"இப்ப எப்படிக்கா சொல்றது, பொய்யாயிடுமே" என்றாள். "எனக்குக் காயம் ஒண்ணும் இல்ல, ஆனா உதவி வேணும். அதுதான் அந்த வரி."